தடு: இல்லை

மாரிசெல்வியை வேலையைவிட்டு அனுப்பியபோது அவளிடம் காட்டிய காகிதத்தில் 3.9 என்று ஓர் எண் இருந்தது. அது 3.90 என்று இருந்திருந்தால் அவள் தன்மேல்தான் தப்பு என்று நம்பி, தலையைக் குனிந்துகொண்டு ஊருக்கு பஸ் ஏறியிருப்பாள்.

ஒரகடத்தில் கார்களுக்கு வைப்பர் மோட்டார் செய்கிற தொழிற்சாலை அது. மழை பெய்தால் முன்கண்ணாடியைத் துடைக்கிற அந்தக் கைகளை ஆட்டும் மோட்டார். லைனின் கடைசியில் பன்னிரண்டு சோதனை மேசைகள், மேசைக்கு ஒரு கம்ப்யூட்டர். மோட்டாரை மாட்டினால் ஓட்டிப் பார்த்து, எவ்வளவு கரன்ட் இழுக்கிறது, என்ன வேகம், எவ்வளவு சத்தம் என்று அளந்து பச்சையோ சிவப்போ காட்டும். எது பச்சை, எது சிவப்பு என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது சர்வரில் மேசைக்கு ஒன்றாகக் கிடக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு. அதில் மர்மம் ஒன்றும் கிடையாது. நோட்பேடில் திறந்தால் யாரும் படிக்கலாம். இன்ன மாடல், இன்ன அளவு, அதிகபட்சம் இவ்வளவு. கரன்ட் 3.20 ஆம்பியரைத் தாண்டினால் சிவப்பு.

மாடல் மாறும்போதெல்லாம் யாராவது உட்கார்ந்து பன்னிரண்டு கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து கையால் திருத்துவார்கள். ஒரு குறியை மூட மறந்தால் போதும், மேசை படுத்துவிடும். லைன் நிற்கும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்து கான்ட்ராக்டில் வந்திருந்த மாரிசெல்விக்கு இதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. மண்ணூரில் நான்கு பெண்கள் தங்கிய அறையில், கடன் வாங்கிய புத்தகத்தை வைத்துக்கொண்டு சி ஷார்ப் என்கிற கம்ப்யூட்டர் மொழி படித்தாள். ஏழு வாரத்தில் ஒரு புரோகிராம் எழுதினாள். அது கோப்பைத் திறக்கும், மாடலைத் தேடிப் பிடிக்கும், புது மதிப்பை எழுதும், சேமிக்கும். பன்னிரண்டு மேசைக்கும் சேர்த்து நான்கு விநாடி.

டெஸ்டிங் சூப்பர்வைசர் பாண்டுரங்கன் அதைத் தன் பெயரில் கம்பெனி நடத்திய போட்டிக்கு அனுப்பிப் பரிசு வாங்கினார். நோட்டீஸ் போர்டில் அவர் படம் வந்தது. "உன் பேரும் சொன்னேம்மா, அவங்கதான் போட மறந்துட்டாங்க" என்றார். மாரிசெல்வி அதை விழுங்கிக்கொண்டாள். கான்ட்ராக்ட் பிள்ளைக்குப் படம் எதற்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

2011 செப்டம்பர் கடைசியில் ஒரு தொகுதி மோட்டார் மொத்தமாகச் சிவப்பு காட்டியது. மாதக் கணக்குக்கு முந்நூறு மோட்டார் குறைந்தது. பாண்டுரங்கன் நான்கு கோப்புகளை நோட்பேடில் திறந்து 3.20-ஐ 3.9 ஆக்கினார். சிவப்பெல்லாம் பச்சையாகி லாரி ஏறிப் போயிற்று. பத்தே நாளில் கார் கம்பெனியில் கண்டுபிடித்துவிட்டார்கள். விசாரணை வந்தது. பாண்டுரங்கன் கொஞ்சமும் தடுமாறவில்லை. "இந்தப் பொண்ணு எழுதின புரோகிராம்தான் சார் தப்பா எழுதிடுச்சு. ஒர்க்கரை நம்பி விட்டது என் தப்பு" என்றார். லைன் லீடர் காந்திமதி, மாரிசெல்வி அன்று காலை மேசையில் உட்கார்ந்து புரோகிராமை ஓட்டியதைத் தான் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

விசாரணை அறையில்தான் அந்தக் காகிதத்தை மாரிசெல்வி பார்த்தாள். தப்பான கோப்பின் பிரதி. பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

"சார், இது என் புரோகிராம் எழுதினது இல்ல. என் புரோகிராம் புள்ளிக்கு அப்புறம் எப்பவும் ரெண்டு இலக்கம் போடும். 3.90-ன்னுதான் எழுதும். இது கையால அடிச்சது."

மனிதவள அதிகாரி காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பாண்டுரங்கனைப் பார்த்தார்.

"3.9, 3.90. ரெண்டும் ஒண்ணுதானேம்மா?" என்றார்.

பாண்டுரங்கன் லேசாகச் சிரித்தார். சத்தமே வராத சிரிப்பு. கேட்டில் செக்யூரிட்டி அடையாள அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும், பிறகு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஐந்து மாதம் நின்ற காலம் முழுவதும் அந்தச் சிரிப்புதான் அவள் கண்முன் நின்றது. ஊருக்குப் போகவில்லை. போனால் ஆறிவிடும் என்று பயந்தாள்.

ஜெராக்ஸ் கடைக்கு ஒரு நாள் டிராயிங் பிரதி எடுக்க வந்தவர் சுப்பராயன். அம்பத்தூரில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு சோதனை மேசைகளும் அவற்றுக்கான மென்பொருளும் செய்து கொடுக்கிற சின்ன நிறுவனம் அவருடையது. டிராயிங்கில் ஒரு சென்சரின் இணைப்பு தலைகீழாக இருப்பதை மாரிசெல்வி சுட்டிக்காட்டினாள். அவர் பேச்சுக்கொடுத்தார். மறுவாரமே வேலைக்கு வரச்சொன்னார். எங்கே இருந்தாய், ஏன் விட்டாய் என்று கேட்டபோது அவள் மறைக்காமல் சொன்னாள். அவர் நம்பினார். முதன்முதலாக அவளை நம்பிய மனிதர் அவர்தான்.

ஒன்றரை வருடத்தில் அவருடைய மென்பொருள் வேலை முழுக்க அவள் கைக்கு வந்தது. 2013 ஆகஸ்டில் சுப்பராயன் ஒரு ஆர்டரை அவள் மேசையில் வைத்தார்.

"மாரி, உன் பழைய கம்பெனி. லிமிட் ஃபைலை யாரும் கைவைக்க முடியாதபடி ஒரு சாஃப்ட்வேர் வேணுமாம். கார் கம்பெனிக்காரன் கட்டாயப்படுத்தறான். உனக்குச் சங்கடம்னா நான் வேற ஆளை அனுப்பறேன்."

"நானே போறேன் சார்" என்றாள்.

அந்த 'நானே'வில் இருந்தது சுப்பராயனுக்குக் கேட்கவில்லை.

பாண்டுரங்கன் இப்போது துணை மேலாளர். கண்ணாடி அறை, கழுத்தில் அதிகாரிகளுக்கான நீலப் பட்டை. அவளைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டார்.

"ஏ, நீ நம்ம மாரி இல்ல? இன்னாம்மா ஆளே மாறிட்ட! பாத்தியா, அன்னிக்கு நான் அனுப்பலன்னா நீ இந்த நெலைமைக்கு வந்திருப்பியா? எனக்கு நீதான் ஸ்வீட் வாங்கித் தரணும்."

"வாங்கித் தாறேன் சார்" என்றாள் மாரிசெல்வி. "கண்டிப்பா."

வேலையை அவள் குறையில்லாமல் செய்தாள். அதில் அவளுக்கு ஒரு வெறியே இருந்தது. ஒப்புதல் பெற்ற அளவுகள் ஒரு மூலக் கோப்பில் பூட்டப்பட்டிருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவளுடைய புரோகிராம் பன்னிரண்டு மேசைகளின் கோப்புகளையும் திறந்து, வரிவரியாகப் படித்து, மூலத்தோடு ஒப்பிடும். ஒரு புள்ளி மாறியிருந்தாலும் இரண்டு காரியம் செய்யும். முதலாவது, பதிவு. என்றைக்கு, எத்தனை மணிக்கு, யாருடைய லாகினில், பழைய மதிப்பு எது, புதிய மதிப்பு எது, அந்தத் தளர்ந்த அளவில் எத்தனை மோட்டார் தேறிப் போயிற்று. இரண்டாவது, தடுப்பு. கோப்பைப் பழையபடி திருத்தி, மேசையை நிறுத்தி, சிவப்பு விளக்கை எரியவிடும். இந்த இரண்டாவது காரியத்துக்கு அந்தப் புரோகிராமின் சொந்த எக்ஸ்எம்எல் கோப்பில் ஒரே ஒரு வரி. 'தடு' என்ற பெயருக்கு எதிரே 'ஆம்' அல்லது 'இல்லை'.

செப்டம்பர் கடைசியில் எல்லோர் முன்னிலையிலும் ஓட்டிக் காட்டினாள். தர மேலாளரே ஓர் அளவை மாற்றிப் பார்த்தார். விளக்கு எரிந்தது, மேசை நின்றது. கைதட்டினார்கள். ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்து ஆயிற்று. எல்லோரும் டீ குடிக்கப் போனதும் மாரிசெல்வி மறுபடி உட்கார்ந்து அந்த வரியைத் திறந்தாள். 'ஆம்' என்பதை அழித்து 'இல்லை' என்று அடித்தாள். சேமித்தாள்.

பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பாமல் விடுவதுதான் அது. பாண்டுரங்கனை அவளுக்குத் தெரியும். மாத முடிவு வந்தால் அவர் கை சும்மா இருக்காது. ஒரு தடவை மாற்றிப் பார்ப்பார். மேசை நிற்காது. இந்த சாஃப்ட்வேரும் சும்மா டம்மிதான் என்று நினைப்பார். அப்புறம் அளவில்லாமல் போவார். போகட்டும். எவ்வளவு தூரம் போகிறாரோ அவ்வளவு நல்லது.

அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி காலை, அம்பத்தூரில் தன் மேசையில் அவள் டிபன் டப்பாவைத் திறந்தபோது, புரோகிராம் தினமும் அவளுக்கு அனுப்புகிற அறிக்கை வந்திருந்தது. ஏழாம் மேசை. கரன்ட், 3.20 என்பது 3.6. தேறிப் போன மோட்டார் இருபத்திரண்டு. அவளுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. சாப்பிட ஓடவில்லை. சந்தோஷத்தில் வயிறு நிறைந்துவிடும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஒன்று மட்டும் அவள் எதிர்பாராதது. லாகின் பாண்டுரங்கனுடையது அல்ல. காந்திமதியுடையது.

அதையும் இரண்டு நிமிடம்தான் யோசித்தாள். காந்திமதி! கையெழுத்துப் போட்டவள். ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே பஸ்ஸில் போய், 'நான் பாத்தேன்' என்று எழுதிக் கொடுத்தவள். அவளும் சேர்ந்து மாட்டினால் மாட்டட்டும். இரண்டு பேருக்கும் ஒரே வலை போதும்.

நவம்பர் பதினான்காம் தேதி கார் கம்பெனியின் தணிக்கை. அதுவரை பொறுப்பது என்று முடிவு செய்தாள். ஒவ்வொரு காலையும் அறிக்கை வந்தது. நாற்பது, பதினெட்டு, அறுபத்தொன்று. ஒரு நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் கூட்டிக்கொண்டே வந்தாள். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, டிரைவருக்கு முன்னால் வைப்பர் இடமும் வலமும் ஆடுவதை அவள் பார்ப்பாள். அளவுக்கு மீறி கரன்ட் இழுக்கிற மோட்டார் நல்ல மழையில் அரை மணி நேரம் ஓடினால் சூடேறி நின்றுவிடும். நெடுஞ்சாலையில், எண்பது கிலோமீட்டர் வேகத்தில், கண்ணாடி முழுக்கத் தண்ணீர். அந்த எண்ணம் வரும். கார்கள் இன்னும் யார்டில்தான் நிற்கும், விற்பனைக்குப் போகத் தாமதமாகும் என்று சொல்லிக்கொள்வாள். பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

தணிக்கைக்கு ஆறு நாள் இருக்கும்போது ஒரு பிரிண்டர் கோளாறைச் சரிசெய்ய அவளை ஒரகடத்துக்குக் கூப்பிட்டார்கள். மதியம் கேன்டீனில் அவள் தட்டோடு உட்கார்ந்திருக்க, எதிரே காந்திமதி வந்து உட்கார்ந்தாள். பிள்ளைப்பாக்கத்துக்காரி. முப்பத்தைந்து வயதுக்கு முகம் வாடியிருந்தது.

"இன்னா மாரி, பாத்தும் பாக்காத மாதிரி போறியே?"

மாரிசெல்வி சோற்றைப் பிசைந்தாள். "பேசதுக்கு என்னக்கா இருக்கு?"

"கையெழுத்துப் போட்டத நெனச்சிகினு கீற. தெரியும்." காந்திமதி குரலைத் தாழ்த்தவும் இல்லை. "ஆமா, போட்டேன். படிச்சிப் பாத்துதான் போட்டேன். பர்மனென்ட் பண்றேன்னு சொன்னாரு. உன்ன விட எனக்கு எம் புள்ளைங்கதான் முக்கியம்னு தோணுச்சு. போட்டேன்."

"பண்ணினாரா?"

"எங்க பண்ணாரு? இதோ, இன்னிக்கு வரைக்கும் அதே கான்ட்ராக்ட்தான்."

மன்னிப்புக் கேட்டிருந்தால் மாரிசெல்வி எழுந்து போயிருப்பாள். இந்தப் பேச்சு அவளை உட்காரவைத்தது. பிறகு மாரிசெல்வி கேட்டாள்.

"லிமிட்டை மாத்துத ஆளு நீங்களாக்கா?"

"இன்னா லிமிட்?"

"கரன்ட் லிமிட். உங்க லாகின்ல மாத்திக்கிட்டு இருக்காவ."

காந்திமதியின் கை தட்டிலேயே நின்றது. "எனக்கு அந்த ஃபைல் எங்க கீதுன்னே தெரியாதே மாரி. ஏதோ ரிப்போர்ட் எடுக்கணும்னு பாஸ்வேர்டு கேட்டாரு. குடுத்தேன். தீபாவளிக்கு முன்னாடி." அவள் முகம் வெளுத்தது. "ஐயோ. உனக்குப் பண்ணின மாதிரியே எனக்குமா?"

மாரிசெல்வி தட்டைக் கழுவிவிட்டு நேராக சர்வர் அறைக்குப் போனாள். அவளுக்கு இரக்கம் பொங்கிவிட்டது என்று சொன்னால் பொய். அவளுக்கு வந்தது பயம். பதிவில் காந்திமதி பெயர்தான் இருக்கிறது. தணிக்கையில் அதைக் காட்டினால், பாண்டுரங்கன் மறுபடியும் அதே மாதிரி சத்தமில்லாமல் சிரித்துவிட்டு வெளியே வந்துவிடுவார். பலியாகப் போகிறவள் இன்னொரு கான்ட்ராக்ட்காரி. தான் இரண்டு வருடம் காத்துக்கிடந்தது இதற்கா?

எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கோப்பு மாற்றப்பட்டது என்பதை சர்வர் குறித்துவைக்கும், குறித்துவை என்று அதற்குச் சொல்லியிருந்தால். அவள் சொன்னாள். பிறகு தன் புரோகிராமில் இருபது வரி சேர்த்தாள். பதிவுகள் சேருகிற எக்ஸ்எம்எல்லில் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே இன்னொரு வரி: 'எந்த இயந்திரம்'. ஓட்டிச் சோதித்தாள். சரியாக இருந்தது.

அந்த நேரத்தில் 'தடு' என்ற வரியும் அவள் கண்முன்னே திரையில்தான் இருந்தது. 'ஆம்' என்று மாற்ற ஒரு நொடி போதும். ஆனால் மாற்றினால் பாண்டுரங்கன் உஷாராகிவிடுவார், அவருடைய இயந்திரத்தின் பெயர் ஒருநாளும் பதிவாகாது. அவள் மாற்றவில்லை. இன்னும் நான்கு நாள் மோட்டார்கள் போயின. நான்கு நாளும் பதிவுகளில் ஒரே இயந்திரத்தின் பெயர்தான் வந்தது. கண்ணாடி அறையில் இருக்கிற லேப்டாப்.

தணிக்கைக்கு முந்தைய பிற்பகல் அம்பத்தூரில் உட்கார்ந்து பதிவுகளை முழுக்கப் படித்துப் பார்த்தாள். அப்போதுதான் முதல் வரி உறைத்தது. புரோகிராம் தன் சொந்தக் கோப்பில் நடக்கும் மாற்றத்தையும் குறித்துவைக்கும்படி அவளே எழுதியிருந்தாள். செப்டம்பர் முப்பது, மாலை நான்கு பத்து. மாற்றியவர், மாரிசெல்வி. தடு: ஆம் என்பது இல்லை.

அழித்துவிடலாம். அந்த ஒரு வரியை நீக்கிச் சேமித்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. சுட்டியை அங்கே கொண்டுபோய் வைத்தாள். ஒரு வரியை நான் அழித்தால் மற்ற வரிகளையும் நான்தான் எழுதினேன் என்று அவர் சொல்லலாமே என்று தோன்றியது. அதற்கு மேலும் ஏதோ ஒன்று கையைப் பிடித்தது. கோப்பை அப்படியே மூடினாள்.

மறுநாள் கூட்ட அறையில் கார் கம்பெனியின் தர அதிகாரி வனமாமலை மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, சிரிக்கத் தெரியாத மனிதர். பக்கத்தில் தொழிற்சாலையின் தர மேலாளர், பாண்டுரங்கன், சுப்பராயன். மாரிசெல்வி திரைக்குப் பக்கத்தில் நின்றாள். வழக்கமான அறிக்கை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"சார், பதினெட்டு நாள்ல லிமிட் ஃபைல் நாப்பத்தேழு தடவை மாத்தப்பட்டிருக்கு" என்றாள். "அறுநூத்தி முப்பத்தெட்டு மோட்டார் தேறாம வெளிய போயிருக்கு."

அவள் பட்டியலைக் காட்டினாள். லாகின் வரை மட்டும். புதிதாகச் சேர்த்த கடைசிப் பத்தியை மறைத்து வைத்திருந்தாள்.

பாண்டுரங்கன் ஒரு கணம் திகைத்தார். பிறகு அந்தப் பெயரைப் பார்த்தார். அவர் தோள் தளர்ந்து இறங்கியதை மாரிசெல்வி பார்த்தாள்.

"காந்திமதியா? நம்ம லைன் லீடர் சார். டார்கெட் பிரஷர்ல பண்ணியிருக்கும். கூப்பிடுங்க அத."

காந்திமதியை யூனிஃபார்மோடு கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் "நான் இல்ல சார், நான் இல்ல சார்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. முந்தானையைத் தேடிய கைக்கு யூனிஃபார்ம் சட்டைதான் கிடைத்தது. அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார்" என்றாள் மாரிசெல்வி, பாண்டுரங்கனைப் பார்த்து, மிக மரியாதையாக. "இவங்கதான் மேசையில உக்காந்து மாத்தினாங்க, உங்களுக்கு இதுல சம்பந்தம் இல்லன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா ரிப்போர்ட்டோட சேத்துடலாம். வனமாமலை சாருக்கும் ஒரு ஆதாரம் வேணும்ல?"

அவர் எழுதினார். அவசரமே இல்லாமல், அழகான கையெழுத்தில், நான்கு வரி. தேதி போட்டுக் கையெழுத்திட்டு வனமாமலையிடம் நீட்டினார். மாரிசெல்வி அது கைமாறும் வரை காத்திருந்தாள். பேனாவை அவர் பையில் செருகும் வரை காத்திருந்தாள். அந்த அரை நிமிடத்தை அவள் இரண்டு வருடமாக ஒத்திகை பார்த்திருந்தாள்.

பிறகு மறைத்த பத்தியைத் திறந்தாள்.

"கடைசி நாலு நாள் பதினோரு மாற்றம். எல்லாம் ஒரே கம்ப்யூட்டர்ல இருந்து. மேசையில இருந்து ஒண்ணுகூட இல்ல. இதுல ரெண்டு மாற்றம் நடந்தப்ப காந்திமதி அக்கா லீவு. இந்தக் கம்ப்யூட்டர் பேரு யாரோட லேப்டாப்னு உங்க ஐடி ஆளைக் கேட்டா சொல்லிடுவாரு."

கேட்கவே தேவை இருக்கவில்லை. லேப்டாப் பாண்டுரங்கன் முன்னாலேயே மேசைமேல் இருந்தது, பெயர் ஒட்டிய ஸ்டிக்கரோடு. காகிதத்தைத் திரும்ப வாங்க வனமாமலை பக்கம் அவர் கை நீண்டது, பாதியில் நின்றது. மாரிசெல்வி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இனித்தது. வெட்கமில்லாமல் சொல்வதென்றால், அவள் வாழ்க்கையில் அவ்வளவு இனித்தது வேறில்லை.

வனமாமலை பாண்டுரங்கனைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல போங்க" என்றார். "முதல் வரிக்கு."

அவள் போனாள்.

அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "பூட்டை நீங்களே திறந்து வச்சிருக்கீங்க. தெரியாமலா, தெரிஞ்சா?"

சுப்பராயன் சட்டென்று நிமிர்ந்தார். "இன்ஸ்டாலேஷன் டைம்ல ஏதாவது..." என்று ஆரம்பித்தார். அவர் அவளுக்கு ஒரு வழி காட்டுகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

"தெரிஞ்சுதான் சார்" என்றாள். "இவர் கைவைப்பார்னு தெரியும். கையும் களவுமா பிடிக்கணும்னு வச்சேன்."

"அறுநூத்தி முப்பத்தெட்டு மோட்டார். மழைக்காலம்."

"ஆமா சார்."

அவர் எழுதிக்கொண்டார். இருவர் பெயரையும், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே தாளில்.

பாண்டுரங்கன் அன்று மாலை ஷிஃப்ட் முடியும் முன்பே வெளியே அனுப்பப்பட்டார். அவர் கேட்டைத் தாண்டுவதைப் பார்ப்பதற்காகவே மாரிசெல்வி எதிர்ப்பக்க டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவர் ஒரு பையோடு வந்தார், தன் பைக்கைக் கிளப்ப நான்கு தடவை உதைத்தார், போனார். அவள் நினைத்திருந்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது.

கார் கம்பெனி மோட்டார்களைத் தேடிப் பிடித்தது. பெரும்பாலானவை யார்டில் நின்ற கார்களில் இருந்தன. பத்தொன்பது கார்கள் விற்றுப் போயிருந்தன. ஒவ்வொருவராகப் போன் செய்து வரவழைத்தார்கள். கடைசிக் கார் ஜனவரியில்தான் வந்தது. அதன் வைப்பர் டிசம்பரில் ஒரு நாள் மேல்மருவத்தூர் பக்கம் மழையில் நின்றுபோய், ஓட்டியவர் ஓரங்கட்டி இரண்டு மணி நேரம் காத்திருந்தாராம். குழந்தைகள் உள்ளே இருந்தார்களாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தச் செய்தியைச் சுப்பராயன் அவளிடம் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை.

"உன் கோபம் நியாயம் மாரி. அத நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா அத என் பேர்ல பண்ணிட்டியே."

அவருக்கு வரவேண்டிய அடுத்த இரண்டு ஆர்டர்களும் கைநழுவிப் போயிருந்தன.

"மார்ச் வரைக்கும் இரு. கையில இருக்கறத முடிச்சுக் குடு. அப்புறம் வேற எடம் பாத்துக்கோ."

அவள் முடித்துக் கொடுத்தாள். ஒரு வரிகூட மிச்சம் வைக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு மாலை, சிறுசேரியில் ஒரு நேர்காணலுக்குப் போய்விட்டு வரும் வழியில், ஒரகடம் கூட்டுரோட்டில் காந்திமதியைப் பார்த்தாள். காந்திமதி பேச வருவாள் என்று எதிர்பார்த்தாள். வந்தாள், ஆனால் நன்றி சொல்ல இல்லை.

"நல்லாகீறியா? வேல கெடச்சுதா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்கா. நீங்க?"

"ரெண்டு மாசம் சண்டே கூட வுடாம அந்த மோட்டார் எல்லாத்தையும் திரும்ப டெஸ்ட் பண்ணோம். முதுகு ஒடிஞ்சிபோச்சு." காந்திமதி பையைத் தோள்மாற்றிக்கொண்டாள். "உங்க ரெண்டு பேரு சண்டையில என்னக் கொண்டாந்து நடுவுல நிறுத்தினியே மாரி. எம் பேரு வந்துகீதுன்னு மொத நாளே உனக்குத் தெரியுமாமே. வனமாமலை சாரு சொன்னாரு. அன்னிக்கு நான் வந்து கேக்கலன்னா?"

மாரிசெல்வி சாலையைப் பார்த்தாள். கன்டெய்னர் லாரிகள் வரிசையாகத் திரும்பின.

"அந்தாளு இப்ப எங்க?" என்று கேட்டாள்.

காந்திமதி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "இருங்காட்டுக்கோட்டையில ஏதோ சின்ன கம்பெனியாம். ஸ்டோர்ஸ்ல பெட்டி எண்றாராம். அங்கயும் கான்ட்ராக்ட்தானாம். எங்க லைன்ல ஒருத்தன் பாத்துட்டு வந்து சொன்னான். ஆளு எளைச்சிட்டாராம்."

மாரிசெல்வி சிரித்தாள். அடக்கப் பார்த்தும் அடங்கவில்லை. கூட்டுரோட்டில், அத்தனை பேர் நடுவில், கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நின்றதும் நெஞ்சு லேசாக இருந்தது. யாராவது கேட்டால் ஒப்புக்கொள்வாள், லேசாகத்தான் இருந்தது.

காந்திமதி சிரிக்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் வந்தது. இருவரும் ஏறினார்கள். உள்ளே இரண்டு பேர் உட்காரும் சீட் ஒன்று முழுக்கக் காலியாக இருந்தது. மாரிசெல்வி ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து இடம்விட்டாள். காந்திமதி அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு வரிசை தள்ளி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள்.